உலக்கை நின்ற கிரகணம்

பித்தளைத் தாம்பாளத்தில் உலக்கை விழும் சத்தம் முதலில் பல்லில் கூசும், அப்புறம்தான் காதுக்கு எட்டும். அது அடங்கிய பிறகும் தாம்பாளம் சிமென்ட் தரையில் நடுங்கிக்கொண்டே கிடக்கும், அதிலிருந்த தண்ணீர் முழுக்க நம் பாவாடையில் இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கலுக்கு முந்தைய வாரம் முழுக்க, மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த எங்கள் வீட்டின் பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தில் பண்டிகைக்கு ஏதோ இடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் நானும் என் வகுப்புத் தோழி ரெஹானாவும் ஓர் உலக்கையை யாரும் பிடிக்காமல் நிற்க வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தோம்.

கிரகணம் பிடித்திருக்கும் நேரத்தில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே உலக்கையை வைத்தால், அது தன்னால் செங்குத்தாக நிற்கும் என்று சொல்வதைக் கேட்காத தமிழர் குறைவு. எங்கள் சந்தில் அதைக் கேள்விப்பட்டதாகக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள், கண்ணால் பார்த்ததாகவே சொல்வார்கள். ஏனென்றால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த ஒரு கிரகணத்தில், என் பெரியம்மாவே அதை நிற்க வைத்துக் காட்டியிருந்தார். சந்து முழுக்க வந்து பார்த்தது, சிலர் கற்பூரம் ஏற்றினார்கள், அன்றிலிருந்து எந்தக் கிரகணம் வந்தாலும் "எத்தினி மணிக்கு நிக்க வெக்கப் போறீங்க?" என்று பெரியம்மாவிடம்தான் வந்து கேட்பார்கள்.

பெரியம்மா என்னை வளர்த்தவர். அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார், அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில். இருவரும் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார்கள். மாடியில் நாங்கள், கீழே பெரியம்மா வீடு. நான் சாப்பிட்டது, படித்தது, அடி வாங்கியது எல்லாம் கீழேதான். பெரியம்மா மிளகாய்த்தூளும் சீயக்காய்த்தூளும் கையால் இடித்துத் தெரிந்தவர்களுக்கு விற்பார். "மிஷின்ல அரைச்சா சூடு ஏறி வாசன போய்டும்" என்பது அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லும் ஒரே விளம்பரம். அந்த உலக்கை அவர் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. என் தோளுயரத்துக்கு மேல் இருக்கும், கறுத்து, வழவழப்பாக.

அந்த மார்கழியில் பெரியம்மாவின் மகள் தீபா அக்கா பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை, விடுப்பு எடுத்திருந்தாள். ஏழாம் மாதம் முடிந்திருந்தது. வந்த கையோடு காய்ச்சலும் அடிவயிற்றில் வலியும். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, சிறுநீரில் தொற்று இருக்கிறது, மாத்திரை தருகிறேன், ஆனால் மாத்திரையைவிடத் தண்ணீர் முக்கியம், மணிக்கொரு தரம் குடிக்க வேண்டும், சிறுநீரை அடக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கூஜா எப்போதும் நிறைந்திருக்கும். நிரப்புவது என் வேலை.

கிரகணம் பொங்கலுக்கு மறுநாள். காலையில் பதினொன்றரை வாக்கில் பிடித்து மூன்றேகாலுக்கு விடும் என்று காலண்டரில் போட்டிருந்தது. அதைப் பார்த்த அன்றே பெரியம்மா ஏற்பாடுகளைத் தொடங்கிவிட்டார். அக்காவின் அறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்துவிடுவது, கிரகணம் பிடிப்பதற்கு முன்பே அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவது, விடும்வரை சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது, உடம்பைச் சொறியக்கூடக் கூடாது. முன்னும் பின்னும் சேர்த்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

"டாக்டரு தண்ணி குடிக்கச் சொல்லிருக்காங்களே பெரியம்மா" என்றேன்.

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது. கொழந்தைக்கு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, உன் டாக்டரா?"

அவர் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு குழந்தை இருந்தது. ராயப்பேட்டையில் அவர் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி, மாசமாக இருந்தபோது, கிரகண நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தாளாம். பிறந்த குழந்தைக்கு மேலுதடு பிளந்திருந்தது. "பாலு குடிக்க முடியாம மூக்கு வழியா வரும்டி. நான்தான் பஞ்சுல தொட்டுத் தொட்டு ஊட்டுவேன். அது பட்ட பாட்ட நான் பாத்தேன்" என்று சொல்லும்போது, பெரியம்மாவின் உரத்த குரல் இறங்கிப்போய்விடும். அதற்கு மேல் அவரோடு சண்டை போட எனக்கு வாய் வராது.

அன்று சாயங்காலம் கூஜாவை வைக்கப் போனபோது அக்காவிடம் கேட்டேன், நீ என்னதான் சொல்கிறாய் என்று. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "பயமா இருக்கு கவி. குடிச்சாலும் பயம், குடிக்காட்டியும் பயம்" என்றாள். கணினியோடு மல்லுக்கட்டிச் சம்பாதிக்கிற அக்கா அப்படிச் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் பெரியம்மா சீயக்காய் சலித்துக்கொண்டிருந்தபோது பாடப்புத்தகத்தையே எடுத்துப் போனேன். கிரகணம் என்பது நிழல், நிலா குறுக்கே வருகிறது, அவ்வளவுதான் என்று படத்தைக் காட்டினேன். அவர் சல்லடையை ஒரு தட்டுத் தட்டினார்.

"நெழலா? நெழலு போய் உலக்கைய நிக்க வெக்குமாடி? வெறும் நெழலுன்னா அது ஏன் நிக்குது? சொல்லு."

புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தேன். ஆனால் மாடிப்படி ஏறும்போது எனக்கு ஒன்று விளங்கியது: பெரியம்மாவின் பயம் மொத்தமும் அந்த உலக்கையின் மேல்தான் நிற்கிறது. கிரகணத்துக்கு ஒரு சக்தி உண்டு என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே கண்கண்ட சாட்சி அதுதான். அந்தச் சாட்சியை விசாரித்துவிட்டால்?

விசாரணைக்கு ரெஹானாவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. சந்தின் முனையில் அவள் அத்தா மெத்தை தலையணை தைக்கும் கடை வைத்திருந்தார். ரெஹானாவின் தலைமுடியில் எப்போதும் இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். எதைச் சொன்னாலும் "எப்டி சொல்ற?" என்று கேட்பாள், ஆசிரியர்களுக்கே அவளைக் கண்டால் கொஞ்சம் கலக்கம். விஷயத்தைச் சொன்னதும், "எங்க வீட்லயும் கிரகணத்துக்குத் தனியா தொழுவாங்க. ஆனா தண்ணி குடிக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்லையே" என்று யோசித்தவள், உடனே எழுந்து நின்றாள். "நிலா குறுக்க வர்றதாலதான் உலக்கை நிக்குதுன்னா, நிலாதானே அத இழுக்கணும்? எவ்ளோ இழுக்கும்னு கணக்கு போட்டுடலாமா?"

அந்த வருஷம்தான் ஈர்ப்பு விசைப் பாடம் நடத்தியிருந்தார்கள். எடை கூடினால் இழுப்பு கூடும். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்திருந்த அந்த வரியை வைத்துக்கொண்டு மொட்டை மாடிச் சுவரில் கரித்துண்டால் எழுத ஆரம்பித்தோம். உலக்கையைப் பூமி இழுப்பதுதான் அதன் எடை. பூமியின் மையத்திலிருந்து அது ஒரு பூமி ஆரம் தள்ளி இருக்கிறது; நிலா ஏறக்குறைய அறுபது ஆரம் தள்ளி இருக்கிறது. அறுபது பெருக்கல் அறுபது, மூவாயிரத்து அறுநூறு. அதோடு நிலா பூமியைவிட எண்பத்தொரு மடங்கு இலேசு. மூவாயிரத்து அறுநூறை எண்பத்தொன்றால் பெருக்கினால் ஏறக்குறைய மூன்று லட்சம் வந்தது. ஆக, பூமி இழுப்பதில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான் நிலா இழுக்கும். எல்லாம் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்க அட்டவணையிலிருந்தே வந்துவிட்டது என்பது எங்களால் நம்ப முடியாததாக இருந்தது. நிலாவுக்குப் போகாமல், மயிலாப்பூர் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டே நிலாவின் பலத்தை அளந்துவிட்டோம்!

உலக்கையை இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்கு ஓடினோம். தராசில் மூன்று கிலோவுக்குக் கிட்டே காட்டியது. மூன்று கிலோவை மூன்று லட்சத்தால் வகுத்தால் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு. அது எவ்வளவு என்று கையில் பிடித்துப் பார்க்க ரெஹானாவுக்கு ஆசை. கடைக்காரர் முறைக்க முறைக்கப் பத்து கிராம் பொன்னி அரிசி நிறுத்து வாங்கிவந்து மாடியில் கொட்டி எண்ணினோம். அறுநூறு சொச்சம் இருந்தது. வகுத்துப் பார்த்தவள் ஓர் அரிசியை எடுத்துக் கடித்து, பாதியை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். "இந்தா, நிலா!"

அரை அரிசிக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். மூன்று கிலோ உலக்கையின் மேல் நிலா காட்டுகிற மொத்த பலம் அது. நான் அந்த அரை அரிசியை மூடிய கையில் வைத்துக்கொண்டு மூன்று மூன்று படியாகக் கீழே இறங்கினேன்.

பெரியம்மா அதைக் குனிந்து பார்த்தார். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சிரித்தார்.

"அர அரிசியோ, முழு அரிசியோ. நான் வெச்சேன், நின்னுச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னா கணக்கு போட்டாலும் நின்னது நின்னதுதானே?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் எங்களை அதிகம் உறுத்தியது. நிலா நிற்க வைக்கவில்லை என்றால், வேறு எது நிற்க வைத்தது? ரெஹானா அதோடு விடாமல் சூரியனையும் கணக்குப் போட்டாள், அங்கே இடி விழுந்தது. சூரியன் எட்டத்தில் இருந்தாலும் அதன் எடை பயங்கரம். உலக்கையின் மேல் அதன் இழுப்பு ஏறக்குறைய இரண்டு கிராம் வந்தது. நூறு அரிசிக்கு மேல்! "போச்சுடி, உங்க பெரியம்மா ஜெயிச்சுட்டாங்க" என்று அவள் கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டாள். இருவரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில்தான் எனக்குப் பொறி தட்டியது.

"ரெஹானா, சூரியன் இன்னிக்கும் அங்கதானே கீது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சூரியன் நேற்றும் இருந்தது, நாளையும் இருக்கும், இதே தூரத்தில், இதே எடையோடு. நிலாவும் சூரியனும் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. கிரகணத்தன்று அந்த வரிசை இன்னும் கொஞ்சம் கச்சிதம், அவ்வளவே. (பூமி, தாம்பாளம், உலக்கை, நாங்கள் எல்லாரையும் சூரியன் சேர்த்தே இழுப்பதால் அந்த நூறு அரிசியும் கணக்கில் நிற்காது என்பது பிற்பாடு கல்லூரியில்தான் எனக்குப் புரிந்தது.) அப்படியானால், கிரகணத்தன்று உலக்கை நிற்குமென்றால் இன்றைக்கும் நிற்க வேண்டும். மற்ற நாளில் நிற்காது என்று எப்படித் தெரியும்? மற்ற நாளில் யாராவது வைத்துப் பார்த்தார்களா என்ன?

இப்படித்தான் அந்தச் சத்தம் தொடங்கியது.

உலக்கை நிற்கவில்லை. ரெஹானா பிடித்தாலும் நான் பிடித்தாலும், கையை எடுத்த மறுகணம் சாய்ந்தது. தாம்பாளத்தின் விளிம்பு நெளிந்தது, என் கால் கட்டைவிரல் நசுங்கி நீலம் பாரித்தது. "இன்னாடி பண்ணிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்போதெல்லாம் "ஒண்ணுமில்ல ஆன்ட்டி" என்று ரெஹானா பதில் கொடுப்பாள். மூன்றாம் நாள் என் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. ஒருவேளை உண்மையிலேயே கிரகணத்தில் ஏதோ இருக்கிறதோ? நாங்கள் படித்த புத்தகத்துக்குத் தெரியாத ஏதோ ஒன்று? அதை நினைத்தபோது முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. அதில் பயம் பாதி, ஆசை பாதி.

தீபா அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கூஜாத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தபடி, எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று, விழுந்த உலக்கையை நான் அலுப்போடு தூக்கும்போது, "ஏய், அம்மா அன்னிக்கு இந்தப் பக்கமா வெச்சாங்க? பூண் பக்கம்தானே கீழ இருந்துச்சு?" என்றாள்.

நாங்கள் உலக்கையைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு நுனி, பெரியம்மா தினமும் இடிக்கிற நுனி, மிளகாயிலும் சீயக்காயிலும் தேய்ந்து முட்டையின் அடிப்பக்கம்போல உருண்டிருந்தது. இடிக்கும்போது அதுதான் கீழே இருக்கும் என்பதால் நாங்கள் யோசிக்காமல் அதையே கீழே வைத்திருக்கிறோம். மறு நுனியில் மூன்று விரல் அகலத்துக்கு இரும்புப் பூண், வளையல்போலத் தட்டையான விளிம்போடு. இத்தனை நாள் ஒரு முட்டையை நிற்க வைக்கப் பார்த்திருக்கிறோம்!

ரெஹானா மாடிச் சுவருக்கு ஓடினாள். நடுப்பகுதியின் எடை அந்த மூன்று விரல் அகலத்துக்கு வெளியே போகாதவரை உலக்கை விழாது. அப்படியானால் உச்சி மூன்று விரலளவு சாய்ந்தாலும் தாங்கும். உச்சியில் ஒரு பெரிய முட்டையின் எடையளவுக்காவது தள்ளினால்தான் விழும். முட்டை எங்கே, நிலாவின் அரை அரிசி எங்கே?

ஆனால் எங்கள் கைகள் அதற்குள் பரபரத்துப்போயிருந்தன; பூண் பக்கம் வைத்தும் இரண்டு முறை சாய்த்துவிட்டோம். அக்கா எழுந்து வந்தாள். அவளைத் தூக்க விடாமல் நாங்கள் உலக்கையைத் தாம்பாளத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டோம். அவள் நடுவில் இரண்டு கை விரல்களை மட்டும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தப் பக்கம் சாயுது... இப்ப அந்தப் பக்கம்... நீங்க விடுங்க" என்றாள். விட்டோம். அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

உலக்கை நின்றது.

கிரகணம் இல்லை, ஒன்றுமில்லை. போகிக்கு முந்தைய நாள், வெறும் ஒரு பகல் வேளை, பின்கட்டில் காக்கை கத்திக்கொண்டிருந்தது, உலக்கை பாட்டுக்கு நின்றது. ரெஹானா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். நான் கத்தியது மாட வீதிவரை கேட்டிருக்கும். அக்கா மட்டும் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்ததை நான் கண்ணெதிரே பார்த்தேன்.

பெரியம்மா ஓடிவந்தார். நின்ற உலக்கையைப் பார்த்ததும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கிரகணம் கிட்ட வந்துடுச்சுல்ல, அதான்" என்றார்.

"ஆன்ட்டி!" என்று ரெஹானா அலறினாள். "அப்போ இந்தப் பக்கம் வெச்சா ஏன் விழுது? அந்தச் சக்திக்குப் பூண் எந்தப் பக்கம் கீதுன்னு தெரியுமா?"

பெரியம்மா உருண்ட நுனியைத் தடவிப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். நாங்கள் யாரும் எதிர்பார்க்காததைச் சொன்னார். "இப்போ கொஞ்சம்தான் சக்தி வந்துகீது, அதான் ஒரு பக்கம் மட்டும் நிக்குது. கிரகணத்தன்னிக்கு எந்தப் பக்கம் வெச்சாலும் நிக்கும். பந்தயம்."

"நிக்கலன்னா?" என்றேன்.

அக்காவைப் பார்த்தார், கூஜாவைப் பார்த்தார். "நிக்கலன்னா அவ தண்ணி குடிக்கட்டும்."

பொங்கலன்று எனக்குச் சர்க்கரைப் பொங்கல் இறங்கவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அறுபது பெருக்கல் அறுபது மூவாயிரத்து அறுநூறுதானே? எண்பத்தொன்றுதானே? எங்கேயாவது ஒரு சைபர் தவறியிருந்தால்?

மறுநாள் பதினொன்றரைக்குக் கிரகணம் பிடித்தது. அதற்கு முன்பே அக்கா அறைக்குள் போயிருந்தாள், கதவு சாத்தப்பட்டது, கூஜா வெளியே எடுத்து வைக்கப்பட்டது, வீட்டிலிருந்த தண்ணீர்ப் பானைகளில் தர்ப்பைப்புல் போட்டாயிற்று. ஒரு மணிக்கு மேல் வெளிச்சம் ஒரு மாதிரி ஆகத் தொடங்கியது. மேகம் இல்லை, வெயிலும் இல்லை, கண்ணில் ஏதோ கோளாறு வந்ததுபோல எல்லாம் மங்கினாலும் கூர்மையாகத் தெரிந்தன. முருங்கை மரத்தடியில் வழக்கமாக விழும் வட்ட வட்ட வெயில் பொட்டுகள் அத்தனையும் பிறையாக மாறியிருந்தன. தரையில், துவைக்கிற கல்லில், ரெஹானாவின் தாவணியில், எங்கும் குட்டிக் குட்டிப் பிறைகள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் சூரியனைப் படம் பிடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் கைவிரல்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து அந்த இடுக்குகளிலும் பிறைகளை வரவழைத்துக் கூத்தாடினோம்.

சந்து ஜனம் பின்கட்டில் கூடிவிட்டது. பெரியம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, தாம்பாளத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூண் பக்கம் கீழே இருக்க உலக்கையை நிறுத்தினார். பழகிய கை, முதல் தடவையிலேயே நின்றது. கும்பிட்டார்கள், யாரோ கற்பூரம் தேடினார்கள். அப்போது அறைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அம்மா, வலிக்குதும்மா. நாக்கு ஒட்டிக்குது."

பெரியம்மாவின் முகம் சுண்டியது. நான் அவர் முந்தானையைப் பிடித்தேன். "பெரியம்மா, பந்தயம். திருப்பி வெச்சுப் பாரு."

"எதுக்கும்மா வெஷப்பரீட்ச?" என்று எதிர்வீட்டு அம்மாள் தடுத்தார். "நின்னுச்சுல்ல, விடுங்க." பெரியம்மா அதைச் சாக்காக வைத்து விட்டிருக்கலாம். சந்தே அவர் பக்கம்தான் நின்றது. ஆனால் அவர், "வாக்கு குடுத்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த உலக்கையைத் தன் கையாலேயே எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார்.

முதல் தடவை விழுந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. இரண்டாம் தடவை நிதானமாக, உதட்டில் ஏதோ முணுமுணுத்தபடி வைத்தார்; விழுந்தது. மூன்றாம் தடவை வெகுநேரம் பிடித்திருந்தார். விரல்களை விலக்கியபோது உலக்கை அப்படியே இருந்தது. ரெஹானாவின் நகம் என் கையில் பதிந்தது. அறுபது பெருக்கல் அறுபது, அறுபது பெருக்கல் அறுபது என்று என் மனம் அடித்துக்கொண்டது. அப்புறம் உச்சி மெல்ல, ரொம்ப மெல்ல, முருங்கை மரத்தின் பக்கம் சாய்ந்தது. ணங்கென்ற சத்தத்தோடு தண்ணீர் எல்லார் மேலும் தெறித்தது.

பெரியம்மா கீழே கிடந்த உலக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார், கூஜாவை எடுத்தார், பானையிலிருந்து ஒரு தர்ப்பைப்புல்லைக் கிள்ளி அதில் போட்டார், கதவைத் திறந்தார். "தர்ப்ப போட்டுகீறேன். ஒண்ணும் ஆவாது. குடிம்மா."

அக்கா குடித்த சத்தம் வெளியே இருந்த எங்களுக்குக் கேட்டது. நடுவில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. குடித்து முடித்ததும் எழுந்து, நேராகப் பாத்ரூமுக்குப் போனாள். பெரியம்மா அவள் தலைக்கு மேல் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கூடப் போனார். வெளியே கிரகணம் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

பங்குனியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கி, பெரியம்மா முதலில் பார்த்தது மேலுதட்டைத்தான். பார்த்துவிட்டு, நர்ஸ் பயந்துபோகும் அளவுக்கு அழுதார். ஒரு குழந்தை நன்றாகப் பிறந்ததால் எதுவும் நிரூபணமாகிவிடாது, அதற்கு எத்தனையோ குழந்தைகளைக் கணக்கெடுக்க வேண்டும் என்று ரெஹானா என் காதில் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

இப்போது நான் அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். சந்து வீட்டை இடித்து நான்கு மாடி எழுப்பிவிட்டார்கள். பின்கட்டு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன, முருங்கை மரத்தின் வேர்கூட இல்லை. உலக்கை யாரிடம் போனது என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. ரெஹானா கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். பெரியம்மா போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. கிரகணத்தின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, இன்று செல்போனில் வருவதை எல்லாம் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறவர்களின் நம்பிக்கையைப்போல நூறு மடங்கு இருக்கும். ஆனால் அவர் அதைப் பந்தயத்தில் வைத்தார், ஊர் பார்க்கத் தன் கையாலேயே திருப்பிப் பார்த்தார். அந்தத் துணிச்சலைத்தான் இப்போது அதிகம் காணோம்.

போன கிரகணத்தன்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. உலக்கைக்கு எங்கே போவது? யாரோ ஒருவர் வீட்டில் பிளாஸ்டிக் துடைப்பம் கூடத்தின் நடுவே கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். நான் வாதம் எதுவும் செய்யவில்லை, "நாளைக்கும் வைத்துப் பாருங்களேன், நிற்கிறதா என்று?" என்று மட்டும் எழுதினேன். மறுநாள் சமையல் செய்துகொண்டிருந்தபோது செல்போன் ஒலித்தது. பி பிளாக்கிலிருந்து, அதுவரை நான் ஒரு வார்த்தையும் பேசியிராத ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: "இருங்க, வெச்சுப் பாக்கறேன்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையோடு, அடுத்த வரிக்காகச் செல்போனைப் பார்த்தபடி நின்றேன்.